மெழுகா, கிளியர் கோட்டா?

செங்கோட்டையில் ஜூன் சாரல் பிடித்துவிட்டால், பாலிஷ் போட்ட அலுமினிய வீல் சீக்கிரமே மங்கிவிடும். பளபளப்பைக் காக்க மேலே மெழுகு தேய்க்கலாம், இல்லையென்றால் கிளியர் கோட் எனும் நிறமில்லாத பெயிண்ட் அடிக்கலாம். கிளியர் கோட் வருடக்கணக்கில் நிற்கும், சரி. ஆனால் அடிப்பதற்கு முன் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் ஒட்டாது. ஆரியங்காவு மலைப்பாதையில் ஒரு கல் தெறித்தால் போதும். அந்தக் கீறல் வழியே ஈரம் புகுந்து, படலத்துக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள் ஓடும். அப்புறம் முழுவதையும் உரித்துத்தான் ஆகவேண்டும். எனக்கு அப்படி நடந்தபோது மனசே விட்டுப்போனது.

அதனால் வீலுக்கு மெழுகுதான் என் தேர்வு. சில வாரங்களில் போய்விடும். மறுபடி தேய்த்துக்கொள்ளலாம், எதையும் உரிக்க வேண்டாம்.

இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவருக்கு மட்டும் மெழுகு சரிவராது. கார்னௌபா எனும் பனை வகை மரத்தின் இலையில் எடுக்கும் மெழுகே 85 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். அங்கே சூடு தாங்கும் கிளியர் கோட் அடியுங்கள்.