வனிலா என்று 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காட்டுக்கொடியை அனுப்பிவிட்டார்கள்

சமூக வலைத்தளத்தில் நாற்று விற்கிற ஒரு பக்கத்துக்கு 48,000 ரூபாய் போட்டுவிட்டு நிற்கிறேன். இன்று காலை என் நம்பரையும் தடுத்துவிட்டார்கள். மட்டக்களப்பில் செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் தென்னைக்குக் கீழே வனிலா போட நினைக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

பேசியவர் அவசரப்படுத்தவே இல்லை. "அண்ணே, முதல்ல சீமைக்கிளுவை நட்டு நிழலப் பிடிங்க, பிறகு அனுப்புறன்" என்றார். பூ ஒரு நாள்தான் நிற்கும், கையால்தான் மகரந்தம் சேர்க்கவேண்டும், காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் போகும் என்று சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. பயிரை இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று நம்பித்தான் நடுகிற கொடித்துண்டு ஒன்று 800 ரூபாய்ப்படி 60 துண்டுக்கும் முழுக்காசையும் வங்கியில் போட்டேன்.

பஸ்ஸில் வந்த பெட்டியில் ஒரு துண்டிலும் இலை இல்லை. கேட்டால், "பெட்டிக்குள்ள அடங்கக் கழற்றினது அண்ணே, நட்டா வந்திடும்." நடும்போது அடிக்கணு இலைகளைக் கழற்றுவது வழக்கம்தான். மேல் இலைகளை யார் கழற்றுவார்கள்?

துளிர் வந்தது, இலை வரவில்லை. கணுவில் செதில் மாதிரி முளைத்துக் காய்ந்து போனது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிற அக்காவின் மகள் ஒரு துண்டைக் கொண்டுபோய், மேற்றோலை உரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். பயிரிடுகிற வனிலாவின் இலை தடித்து வழவழப்பாக, சாண் நீளம்கூட வளரும். இலைவாய்கள், அதாவது காற்றுப் போய்வருகிற நுண்துளைகள், அதன் அடிப்பக்கத்தில் இருக்கும். இந்தக் கொடியிலோ பச்சைத் தண்டிலேயே இலைவாய்கள். "மாமா, இதுக்கு இலை வராது. தண்டுதான் ஒளித்தொகுப்புச் செய்யுது. இது நம்மட காட்டில இருக்கிற இலையில்லா வனிலா" என்றாள். வாசனைக் காய்க்காக யாரும் பயிரிடாத கொடி. காட்டில் சும்மா படர்ந்ததை வெட்டி எனக்கு 48,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

சொன்னதும் அவர்களின் பேச்சு மாறியது. முதலில் "மட்டக்களப்பு வெயிலுக்கு அப்படித்தான், பொறுங்க" என்றார்கள். அப்புறம் "உரம் போட்டீங்களா?" என்றார்கள். அடுத்து வேறொருவர் எடுத்து, "அவர் இப்ப இங்க வேலையில்ல" என்றார். நுணுக்குக்காட்டிப் படத்தை அனுப்பினேன். பார்த்தார்கள், பதில் இல்லை. 48,000 ரூபாயில் ஒரு சதமும் திரும்பவில்லை.

வாங்குவதானால் மேல் இலையோடு இருக்கிற கொடியை நேரில் பார்த்து வாங்குங்கள். தாய்க்கொடியைக் காட்டச் சொல்லுங்கள். முழுக்காசை முன்கூட்டிப் போடவேண்டாம். அகன்ற இலைக் கொடிப் படத்தோடு அவர்களின் விளம்பரம் இன்றும் ஓடுகிறது. பேசிக்கொண்டிருக்கிறவர்கள் இப்போதே நிறுத்துங்கள்.