குழந்தைக்கு அலர்ஜி டெஸ்ட்: தோலிலா, ரத்தத்திலா?
சம்பா அறுவடைத் தூசி பட்டாலே என் மகளுக்குத் தும்மல் நிற்காது. ரத்தப் பரிசோதனை என்றால் ஒரே ஊசி, மருந்தை நிறுத்த வேண்டாம். முடிவுக்குச் சில நாள் ஆகும். உடம்பெல்லாம் கரப்பான் உள்ள பிள்ளைக்கு அதுவே வசதி.

தோல் சோதனையில் முன்கையில் அலர்ஜி தரக்கூடிய பொருளின் சாற்றைச் சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். அலர்ஜி இருந்தால் 15–20 நிமிடத்தில் கொசுக்கடி போலத் தடிப்பு எழும். ஆனால் அந்தத் தடிப்பையே மறைத்துவிடும் என்பதால், தும்மல், அரிப்புக்குக் கொடுக்கும் செட்டிரிசின் சிரப்பை, டாக்டரைக் கேட்டு, சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சளி சிரப்பிலும் அந்த வகை மருந்து இருக்கும், பாட்டிலைப் பாருங்கள்.

நாங்கள் தோல் சோதனையே எடுத்தோம். தஞ்சாவூர் பஸ் ஏறும் முன் திண்ணையில் உட்கார்ந்து, பேனாவால் அவள் கையில் புள்ளி வைத்தேன். "வலிக்காது" என்று பொய் சொல்லவில்லை. "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்டா, சொறியக் கூடாது" என்றேன். அங்கே தானாகவே கையை நீட்டினாள்.