சத்துவாச்சாரியில் ஒரு பிரேக் பட்டறை

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வாரந்தோறும் சரக்கேற்றிச் செல்லும் எங்கள் பிக்கப்பில் பிரேக் விளக்கு எரிந்தபோது, வேறிடத்தில் இருமுறை பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றி அனுப்பினார்கள். வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள இந்தச் சிறு பட்டறையின் மூத்த மெக்கானிக்கோ, "ஆயில் குறைந்தால் லைனிங் தேய்ந்திருக்க வேண்டும், இல்லையேல் எங்கோ கசிய வேண்டும், ஐயா" என்று சொல்லி, நான்கு சக்கரங்களையும் கழற்றினார். பின் இடது சக்கரத்தில், ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை அவர் விரலால் விலக்கியதும் ஆயில் சொட்டியது. பிரேக் ஷூ நனைந்து கறுத்திருந்தது. சிலிண்டரையும் இருபுற ஷூக்களையும் மாற்றி, திறந்துவைத்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் டாட் 4 வகை பிரேக் ஆயிலின் புதிய டப்பாவை என் முன்னிலையில் உடைத்து ஊற்றி, உதவியாளர் பெடலை மிதிக்க, குமிழி நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலில் சிக்கிய காற்றைப் பொறுமையாக வெளியேற்றினார். அமர்ந்து காத்திருக்க இடமில்லை என்பது மட்டுமே குறை. மூன்று வாரங்களாக ஆயில் மட்டம் மேல்கோட்டிலேயே நிற்கிறது.