கோப்பை அவர்களுக்கு, நவம்பர் 30 எங்களுக்கு: 2024 சீசனில் எது மேல்?

என் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பஸில் பிறந்து வளர்ந்தவர். நானோ வேலைக்காக மிச்சிகன் வந்து, ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணியின் மேல் பைத்தியமாகிப்போனவன். 2025 ஜனவரி 20 இரவு அட்லாண்டாவில் ஒஹாயோ ஸ்டேட் 34-23 என்று நோட்ர டாமை வீழ்த்திக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்தை எடுத்தது. மறுநாள் காலை காபி எடுக்கப் போன இடத்தில் அவர் கேட்டார்: “எங்க சீசனைத் தர்றேன், உங்க சீசனைத் தருவீங்களா?”

தரமாட்டேன் என்றேன். பட்டென்று வந்த பதில்தான். ஆனால் அன்று மாலை வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தபோதும் அது மாறவில்லை. ஏன் மாறவில்லை என்பதை இரண்டு சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒஹாயோ ஸ்டேட் 14 வெற்றி, 2 தோல்வி, தேசியப் பட்டம். மிச்சிகன் 8 வெற்றி, 5 தோல்வி, வருடக் கடைசி நாளில் டாம்பாவில் ஒரு பௌல் ஆட்டம் (வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் தனி ஆட்டம்). காகிதத்தில் இதை ஒப்பிடவே வேண்டியதில்லை. யாரைக் கேட்டாலும் 14-2 என்றுதான் சொல்வார்கள்.

ஒஹாயோ ஸ்டேட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃபில், டிசம்பர் 21-லிருந்து ஜனவரி 20 வரை அவர்கள் ஆடிய நான்கு ஆட்டங்களைப் போல ஒரு தொடர் ஆட்டத்தை நான் கல்லூரி ஃபுட்பாலில் பார்த்ததில்லை. டென்னசியை 42-17. ரோஸ் பௌலில் ஓரிகனை 41-21, அதிலும் ஒரு கட்டத்தில் 34-0. டெக்சஸை 28-14. அந்த டெக்சஸ் ஆட்டத்தில் ஜேக் சாயர், ஒரு காலத்தில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த க்வின் யூயர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடி, எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். இறுதி ஆட்டத்தில் நோட்ர டாம் நெருங்கி வந்தபோது முதலாம் ஆண்டுப் பையன் ஜெரமையா ஸ்மித் பிடித்த அந்த 56 யார்டு பந்து! எதிரணி ரசிகனாக இருந்தும் சோபாவிலிருந்து எழுந்துவிட்டேன். அப்படி ஒரு கை வருடத்துக்கு ஒருவருக்கு வாய்த்தால் பெரிய விஷயம்.

மிச்சிகனின் சீசனோ பெரும்பாலான சனிக்கிழமைகளில் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. 2023-இல் 15-0 என்று பட்டம் வென்ற அணியிலிருந்து 13 பேர், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஆள் எடுக்கும் ட்ராஃப்டில் போய்விட்டார்கள். ஜே.ஜே. மக்கார்த்தி இல்லை, ப்ளேக் கோரம் இல்லை, கோச் ஜிம் ஹார்பாவும் சார்ஜர்ஸ் அணிக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் கோச்சான ஷெரோன் மூர் கையில் வந்தது வலுவான தடுப்பு அணியும், பந்து எறிய ஆள் இல்லாத தாக்குதல் அணியும். டேவிஸ் வாரன், அலெக்ஸ் ஓர்ஜி, ஜேக் டட்டில், திரும்பவும் வாரன் என்று, பந்து எறியும் குவார்ட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தார்கள். செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 31-12. இலினாயிடம் 21-7. ஓரிகனிடம் 38-17. யுஎஸ்சி-யை 27-24 என்று வென்ற ஆட்டத்தில்கூட மொத்தமாக எறிந்து எடுத்தது 32 யார்டுதான். அன்று கேலல் மல்லிங்ஸ் என்ற ஓட்டக்காரர் தோளில் தூக்கிச் சுமந்து கரை சேர்த்தார்.

ஆகவே வாராவாரம் யாருடைய சீசன் சந்தோஷம் தந்தது என்று கேட்டால், ஒஹாயோ ஸ்டேட்டுடையதுதான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

சரி, பிறகு ஏன் மாற்றிக்கொள்ள மாட்டேன்? ஒரே காரணம், நவம்பர் 30, கொலம்பஸ். மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10.

இந்த ஆட்டம் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897-இல். வழக்கமான சீசனின் கடைசி ஆட்டமாக, நவம்பர் கடைசிச் சனிக்கிழமையில் வரும். ‘தி கேம்’ என்றாலே இரண்டு மாநிலத்திலும் வேறு எதையும் யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த வாரம் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்துப் பலகைகளில் இருக்கும் எம் எழுத்தையெல்லாம் சிவப்பு நாடாவால் அடித்துவிடுவார்கள். மிச்சிகனை வென்றால் அங்கே வீரர்களுக்குச் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டை உருவத்தைப் பதக்கமாகத் தருவார்கள். 1934-இலிருந்து வரும் வழக்கம். பட்டம் வென்றால் கிடைக்கும் மோதிரம் வேறு, இது வேறு. மோதிரத்தை வைத்துக்கொண்டு இதை வாங்க முடியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். கோப்பையே கைக்கு வந்தாலும், வழியில் பாகிஸ்தானிடம் தோற்ற ஆட்டம் ஒன்று இருந்தால் அது தொண்டையில் முள்ளாக நிற்கும் அல்லவா? அதை ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை மட்டும், கட்டாயமாக, நூறு வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஆட்டமாக நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆட்டத்துக்கு மிச்சிகன் போனபோது 6-5. ஒஹாயோ ஸ்டேட் 10-1, தரவரிசையில் 2-ஆம் இடம். சுமார் 20 பாயின்ட் வித்தியாசத்தில் அவர்கள் வெல்வார்கள் என்பது கணிப்பு. எங்கள் பக்கம் வில் ஜான்சன் காயத்தால் இல்லை, கோல்ஸ்டன் லவ்லண்ட் இல்லை. அதாவது தடுப்பிலும் தாக்குதலிலும் மிகச் சிறந்த ஆள் ஒவ்வொருவர் வெளியே. நான் டிவியை மதியம் போட்டபோது மனசுக்குள் வேண்டிக்கொண்டது அவமானம் இல்லாமல் முடிய வேண்டும் என்பதுதான்.

நடந்தது வேறு. ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஸ்மித், எமேகா எக்புக்கா, கார்னெல் டேட் என்று மூன்று முதல் தரமான பந்து பிடிப்பவர்கள் இருந்தார்கள். இருந்தும் அவர்கள் திரும்பத் திரும்ப நடுவில் ஓடினார்கள். நடுவில் நின்றது யார்? எங்கள் மேசன் கிரகாமும் கென்னத் கிராண்டும். இரண்டு மலை. ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசையிலோ இரண்டு முக்கிய ஆட்கள் காயத்தில் வெளியே இருந்தார்கள். பலவீனமான இடத்திலிருந்து பலமான இடத்தை நோக்கி ஏன் முட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை. மிச்சிகனைவிட நாங்கள் பலசாலி என்று காட்டியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் என்றுதான் தோன்றுகிறது. 2021-லும் 2022-லும் முரட்டு பலத்தில் தோற்ற வலி அந்த ஆட்டத் திட்டத்தில் தெரிந்தது.

எங்கள் ஆமிர் ஹால் அவர்கள் எறிந்த பந்தைப் பறித்து (இன்டர்செப்ஷன்) 2 யார்டு கோடு வரை கொண்டுவந்தார், மல்லிங்ஸ் உள்ளே நுழைந்தார். டாமினிக் ஸ்வாடா 54 யார்டிலிருந்து உதைத்து ஒரு ஃபீல்ட் கோல், அதற்கு 3 பாயின்ட். இடைவேளையில் 10-10. அதற்கப்புறம் கடைசி நிமிடம் வரை இரண்டு பக்கமும் ஒரு பாயின்ட் இல்லை. மக்காரி பெய்ஜ் கோல் கோட்டருகே ஒரு பந்தைப் பறித்தார். எதிரணி இரண்டு ஃபீல்ட் கோலைத் தவறவிட்டது. வாரன் அன்று எறிந்து எடுத்தது 62 யார்டுதான், இரண்டு பந்தைப் பறிகொடுக்கவும் செய்தார். ஆனால் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ரத்தப் புற்றுநோயோடு போராடி மீண்ட பையன், உதவித்தொகை இல்லாமல் அணிக்குள் வந்தவன், ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கத்தும் மைதானத்தில் கலங்காமல் நின்றான். அந்தக் காட்சிக்கு நான் எந்தக் கோப்பையையும் எடைக்கு எடை கேட்கமாட்டேன்.

கடைசித் தாக்குதலில், மூன்றாவது முயற்சியில் 6 யார்டு தேவைப்பட்டபோது, மல்லிங்ஸ் பிடிபட்டுவிட்டார் என்றே நினைத்தேன். பிடியிலிருந்து நழுவி வெளியே வந்து 27 யார்டு ஓடினார். அன்றைக்கு மட்டும் 32 தடவை பந்தைச் சுமந்து 116 யார்டு. ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்தபோது பாக்கி இருந்தது 45 விநாடி. மிச்சத்தைத் தடுப்பு அணி பார்த்துக்கொண்டது.

ஆட்டம் முடிந்தபின் மைதான நடுவில் கொடி நடப்போய்க் கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்ததெல்லாம் இருக்கிறது. இரண்டு அணியும் ஆடும் பிக் டென் லீக் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் பையன்கள் கொடியை வெளியிலேயே வைத்திருக்கலாம்.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். நான் பார்ப்பது, ஒரு சீசன் முடிந்தபின் எது மிஞ்சுகிறது என்பதை. 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்த ஒரு செட் இருக்கிறது: சாயர், எக்புக்கா, ஜே.டி. டுய்மோலோவ், ட்ரெவியன் ஹெண்டர்சன், டென்ஸல் பர்க். என்எஃப்எல்-க்குப் போயிருக்கக்கூடிய இவர்கள் இன்னும் ஒரு வருடம் தங்கினார்கள். எதற்கு? மிச்சிகனை ஒரு தடவையாவது வெல்ல வேண்டும், பட்டமும் எடுக்க வேண்டும் என்பதற்கு. இரண்டாவது கிடைத்தது. முதலாவது இனி கிடைக்கவே கிடைக்காது. நான்கு வருடம், நான்கு தோல்வி: 42-27, 45-23, 30-24, 13-10. சாயர் கொலம்பஸ் பக்கத்திலேயே வளர்ந்த பையன். அவர் கையில் மோதிரம் இருக்கிறது, தங்கக் கால்சட்டை இல்லை. நவம்பர் 30 மாலை எங்கள் கொடியை அவர் பிடுங்கியபோது அந்த முகத்தில் இருந்தது வெறும் கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோப்பைக்கு ஒரு குணம் உண்டு, அடுத்த ஜனவரியில் அது வேறு ஊருக்குப் போய்விடும். 13-10 எங்கும் போகாது. 2024 வரையிலான 62-51-6 (எங்கள் வெற்றி, தோல்வி, சமன்) என்ற மொத்தக் கணக்கில் அது ஒரு கோடாக நிற்கும். ‘6-5 என்ற நிலையில் இருந்த மிச்சிகன், அந்த வருடம் பட்டம் வென்ற அணியை அதன் சொந்த மண்ணில் வென்றது’ என்ற வாக்கியத்தை இனி யாரும் அழிக்க முடியாது. அவர்கள் பட்டம் வென்றது எங்கள் வெற்றியை இன்னும் பெரிதாக்கிவிட்டது. ப்ளேஆஃபில் டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்ர டாம் என்று நான்கு பேராலும் முடியாததைச் செய்த அணி எங்களுடையது. இதைச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர் பதில் சொல்லவில்லை, காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் உண்டு. 12 அணிகள் ஆடும் ப்ளேஆஃப் வந்த முதல் வருடம் இது. முன்பிருந்த நான்கு அணி முறையில் இரண்டு ஆட்டம் தோற்று, பிக் டென் இறுதிக்கும் போகாத அணிக்கு இடமே கிடைத்திருக்காது. அவர்கள் 8-ஆம் இடத்திலிருந்து ஏறி வந்தார்கள். அது குற்றம் இல்லை, விதிப்படி வென்றார்கள். ஆனால் நவம்பர் கடைசியில் அவர்கள் கோச் ரையன் டேயை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிக் கத்திய ஊர்தான் ஜனவரியில் அவரைத் தோளில் தூக்கியது. மிச்சிகனிடம் 1-4 என்ற அவருடைய கணக்கு மட்டும் அந்த சீசன் முடிவில் அப்படியே இருந்தது.

எங்கள் பக்கத்தில் டாம்பா ஆட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிரகாம், கிராண்ட், ஜான்சன், லவ்லண்ட், மல்லிங்ஸ், டோனவன் எட்வர்ட்ஸ் யாரும் ஆடவில்லை. அந்த அணி அலபாமாவை 19-13 என்று வென்றது. பெரிதாகப் பேசத் தேவையில்லை, ஆனால் 7-5-இல் நின்றிருக்க வேண்டிய குளிர்காலத்தை அது கொஞ்சம் சூடாக்கியது.

என் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்க விரும்பவில்லை. இந்த அணியை நான் நெருக்கமாகப் பார்க்க ஆரம்பித்தது 2016-இல்தான், கொலம்பஸில் இரண்டு ஓவர்டைம் போய் 30-27 என்று தோற்ற வருடம். 1997 பட்டம் எனக்குப் பழைய வீடியோ மட்டுமே. கொலம்பஸில் நான் வாழ்ந்ததும் இல்லை. அந்த ஊர்க்காரருக்கு மோதிரம் எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை என்னால் வெளியிலிருந்து ஊகிக்க மட்டுமே முடியும்.

முக்கியமாக இது: 2023 எங்கள் கையில் இருக்கிறது. ரோஸ் பௌலில் அலபாமாவை ஓவர்டைமில் 27-20, ஹூஸ்டனில் வாஷிங்டனை 34-13. வயிறு நிறைந்தவன் பேச்சு இது என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னால் மறுக்க மாட்டேன். 2019-இல், எட்டாவது முறையாகத் தொடர்ந்து தோற்ற நவம்பரில் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால்? ஆட்டத்தைக் கொடுத்துக் கோப்பையை வாங்கியிருப்பேனா? வாங்கியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போது சொல்லும் உறுதியோடு அதைச் சொல்ல முடியாது.

அடுத்த ஆட்டம் 2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் நடந்தது. கிரகாமும் கிராண்டும் அப்போது இல்லை. பந்து எறிய பெல்வில் பையன் ப்ரைஸ் அண்டர்வுட் வந்திருந்தான், ஸ்மித் அந்தப் பக்கம் இன்னும் இருந்தான். பக்கத்து மேசைக்காரரையும் அவர் குடும்பத்தையும் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வருவதாகச் சொல்லியிருந்தார்.