தீவனத்தில் வைட்டமின்: எந்தச் சோதனைக்குக் காசு கொடுக்கலாம்?

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் லேபுக்குத் தீவனம் கொண்டுவரும்போது பெரும்பாலும் "வைட்டமின் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரே வரிதான் எழுதித் தருகிறார்கள். எந்த வைட்டமின் என்று கேட்ட பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. எல்லா வைட்டமினையும் ஒரே சோதனையில் நம்பிக்கையாகச் சொல்லும் முறை என்று ஒன்று கிடையாது.

காரணம் அளவுதான். கிலோவுக்கு 10,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வைட்டமின் ஏ என்றால் ஒரு டன் தீவனத்தில் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ, வெறும் 3 கிராம். டி3 கிலோவுக்கு 2,500 ஐ.யு. என்றால் டன்னுக்கு 62.5 மில்லிகிராம். பி12 கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்றால் டன்னுக்கே 15 மில்லிகிராம்தான். இந்த மூன்றையும் ஒரே வலையில் பிடிக்க முடியாது.

புரதம், ஈரப்பதம் எல்லாம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி நிமிடத்தில் சொல்லும் என்.ஐ.ஆர். கருவி பல தீவன ஆலைகளில் இருக்கிறது. அது நல்ல கருவி, ஆனால் இவ்வளவு குறைந்த அளவில் இருக்கும் வைட்டமினுக்கு அதை நம்ப வேண்டாம். பழைய நிற முறையும் அப்படித்தான். ஆன்டிமனி டிரைகுளோரைடு சேர்த்தால் வைட்டமின் ஏ நீலமாக மாறும், 1926-இல் கார், பிரைஸ் என்ற இருவர் வெளியிட்ட முறை. அந்த நீலம் சில நொடிகளில் மங்கிவிடும், மக்காச்சோளத்தின் கரோட்டினும் குறுக்கே வரும். இன்றைக்கு அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஏ, ஈ இரண்டுக்கும் எச்.பி.எல்.சி.தான் என் முதல் தேர்வு. கரைசலில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி அது. வைட்டமின் ஏ தீவனத்துக்குள் பூச்சு போட்ட பொடி மணியாக இருக்கிறது, அதை உடைக்காமல் அளக்க முடியாது. அதனால் மாதிரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் ஆல்கஹாலும் சேர்த்துக் கொதிக்கவைத்து, கொழுப்பையெல்லாம் சோப்பாக்கி, ஹெக்சேனில் பிரித்தெடுக்கிறோம். புனலில் மேலே லேசான மஞ்சளாக ஹெக்சேன் அடுக்கு பிரிந்து நிற்கும்போது, நமக்கு வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ அழிந்துபோகும் என்பதால் பழுப்பு நிறக் கண்ணாடிக் குடுவையில்தான் வேலை. கடைசியில் 325 நானோமீட்டரில் ரெட்டினாலின் உச்சம் வரும். ஐ.எஸ்.ஓ. 14565 தரமும் இந்த வழியைத்தான் சொல்கிறது.

ஆனால் பி12-க்கும் பயோட்டினுக்கும் இதே கருவியைச் சாதாரண புறஊதா டிடெக்டரோடு வைத்துக்கொண்டு "இல்லை" என்று ரிப்போர்ட் கொடுத்தால், அது தீவனத்தில் இல்லை என்று அர்த்தமில்லை, கருவிக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இங்கே பாக்டீரியாதான் ஜெயிக்கும். பி12 கிடைத்தால் மட்டுமே வளரும் லாக்டோபேசில்லஸ் ஒன்றைக் குழாயில் விட்டு, ஒரு நாள் போல வைத்திருந்து, கரைசல் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். தெளிவான குழாயிலிருந்து மோர் போலக் கலங்கிய குழாய் வரை வரிசையாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் புரியும். குறைகளும் உண்டு. பி12 போன்ற வேறு சில சேர்மங்களுக்கும் அது வளரும். தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலந்திருந்தால் பாக்டீரியா வளராமல் போய், வைட்டமின் குறைவு என்று தவறாகக் காட்டும். அதனால் மருந்து கலந்த தீவனம் என்றால் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டி3-க்கு எல்.சி.-எம்.எஸ். நல்லது. பிரித்த பொருளை அதன் மூலக்கூறு நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி அது. செலவு அதிகம்தான். சாதாரண எச்.பி.எல்.சி.யிலும் டி3 பார்க்கலாம், ஆனால் தீவனத்தில் அதற்குக் கூடுதல் சுத்திகரிப்பு வேண்டும், அதைச் சுருக்கினால் வேறு எதையோ டி3 என்று படிக்கும் ஆபத்து உண்டு. தோல்முட்டை வருகிறது, டி3 மேல்தான் சந்தேகம் என்றால் இந்தச் செலவைச் செய்யலாம்.

சரி, முறை சரியாக இருந்தும் கோட்டை விடுவது எங்கே? ஒரு பண்ணையாளர் ஒரே மூட்டைத் தீவனத்தை இரண்டு லேபில் கொடுத்து, வைட்டமின் ஏ 6,000 என்று ஒன்றும் 13,500 என்று இன்னொன்றும் வாங்கி வந்தார். பிரீமிக்ஸ் (தீவனத்தில் சேர்க்கும் செறிவான வைட்டமின் கலவை) கம்பெனி மேல் கடும் கோபம். விசாரித்தால், முதல் லேபில் எடுத்தது 5 கிராம். பொடி மணி 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிராமுக்கு 5 லட்சம் ஐ.யு. ரகத்தில் ஒரு மணிக்குச் சுமார் 8 ஐ.யு. வரும், அப்படியானால் கிலோவுக்கு 10,000 ஐ.யு. உள்ள தீவனத்தின் 5 கிராமில் இருப்பது ஆறு மணிகள்தான்! இரண்டு தவறினாலே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 50 கிராம் எடுத்தால் அறுபது மணிகள், எண் நிலையாக நிற்கும். அமெரிக்காவின் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ அமைப்பே வைட்டமின் ஏ-வுக்கு 30 சதவீதம் வரை பகுப்பாய்வு வேறுபாட்டை ஏற்கிறது.

அதனால் ஒரு சோதனைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் தீவனத்தை விட்டுவிட்டு பிரீமிக்ஸைக் கொடுங்கள். அதில் வைட்டமின் பல நூறு மடங்கு செறிவாக இருப்பதால் எண் தெளிவாக வரும். 2024 ஜூலையில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலை தீப்பற்றி ஏ, ஈ விலை எகிறியதே, அந்த மாதிரி சமயத்தில் வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் பார்ப்பது நல்லது. தீவனத்தையும் பார்த்தே ஆக வேண்டுமென்றால், அரைத்த அன்றே பல மூட்டைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அரை கிலோவைக் கறுப்புக் கவரில் கட்டி அனுப்புங்கள். இன்னொரு அரை கிலோவை அதேபோல் கட்டி, தேதி எழுதி, பிரிட்ஜில் வையுங்கள். ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் மறுபடி அனுப்ப அது வேண்டும்.