பாப்பாவுக்கு பேர்ஃபுட் ஷூவா சாதா ஷூவா? ரெண்டையும் ஒரு மழைக்காலம் பாத்தாச்சு

போன வருஷம் ஜூன்ல பாப்பா ஒண்ணாங்கிளாஸ் போறப்ப ரெண்டு ஜோடி ஷூ வாங்குனோம். ஒண்ணு ஸ்கூலுக்குன்னு வடசென்னை எம்.சி. ரோட்ல 699 ரூபாய்க்கு கறுப்பு வெல்க்ரோ ஷூ. இன்னொண்ணு டியூஷன், கடைகண்ணி, கோயில்னு மத்த எல்லாத்துக்கும் ஆன்லைன்ல 1,899 குடுத்து பேர்ஃபுட் ஷூ, அதாவது வெறுங்கால்ல நடக்கிற மாதிரி இருக்கணும்னு செஞ்ச ஷூ. டப்பா வந்தப்ப எங்கம்மா அதை கையில எடுத்து சப்பாத்தி மாதிரி ரெண்டா மடிச்சுப் பாத்துட்டு, "இன்னா நைனா இது, சாக்ஸுக்கு அடியில ரப்பர் ஒட்டி வித்துகினு கீறானுங்களா, இதுக்கா ரெண்டாயிரம்?"னாங்க. தண்டையார்பேட்டையில அந்தக் காசுக்கு வீட்ல எல்லாருக்கும் செருப்பு எடுத்துடலாம், அதனால அவங்க கேட்டதுல தப்பே இல்ல.

என்ன வித்தியாசம்னா, பேர்ஃபுட்ல முன்பக்கம் விரல் விரியிற மாதிரி அகலமா இருக்கும், குதிகாலும் முன்காலும் ஒரே மட்டம், சோல் மெலிசு, எங்களுத ஸ்கேல் வச்சு பாத்தேன் 4 மில்லிமீட்டர் தான். சாதாவுல முன்னாடி குறுகும், குதிகால் கொஞ்சம் தூக்கும், சோல் கெட்டி. பாக்க எது அழகுன்னா சாதா தான், பேர்ஃபுட் வாத்துக்கால் மாதிரி இருக்கும், அதை விடுங்க.

பாதத்துக்கு எது நல்லதுன்னு ஆளாளுக்கு பேசுறாங்க. இதுல நம்ம நாட்லயே ஒரு ஆராய்ச்சி இருக்கு. 1992ல வந்தது, மணிப்பால் கஸ்தூர்பா மெடிக்கல் காலேஜ் டாக்டர்ங்க 4ல இருந்து 13 வயசு வரைக்கும் 2,300 பசங்களோட பாத அச்சை எடுத்துப் பாத்திருக்காங்க, காலுக்கு ஏதாவது போடற பசங்கள்ல 8.6 சதவீதம் பேருக்கு தட்டைப் பாதம், வெறுங்கால்ல திரியிற பசங்கள்ல 2.8 தான், அதுலயும் மூடின ஷூ போட்டவங்களுக்குத்தான் அதிகம். ஆனா இதைக் காட்டி பேர்ஃபுட் ஷூ விக்கிறது கொஞ்சம் ஓவர். அவங்க பாத்தது நெஜமாவே வெறுங்கால்ல நடந்த பசங்கள, 1,899 ரூபா ஷூ போட்டவங்கள இல்ல. அதுவும் சின்ன வயசுல பாதம் தட்டையா இருக்கிறது சகஜம், வளர வளர பெரும்பாலான பசங்களுக்கு தானா வளைவு வந்துடும். அதனால அந்த பயத்துல நான் முடிவெடுக்கல.

அகலம் மட்டும் கண்ணால பாத்தேன். ஸ்கூல் ஷூ உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற இன்சோலை உருவி தரையில போட்டு பாப்பாவை அது மேல நிக்கச் சொன்னா, சுண்டு விரல் பாதி வெளிய தொங்குது. ஒரு சைஸ் பெருசா மாத்துனோம், விரல் உள்ள வந்துச்சு, ஆனா குதிகால் லூஸாகி பின்னாடி உரசி கொப்புளம். எந்த ஷூ வாங்குனாலும் கடையிலயே இந்த இன்சோல் டெஸ்ட்டை பண்ணிடுங்க, காசா பணமா.

இப்போ மெயின் மேட்டர், என்னைய பேர்ஃபுட் பக்கம் சாச்சது எலும்பு டாக்டர் இல்ல, ஐப்பசி மழை. நம்ம ஏரியாவுல ஒரு மணி நேரம் அடிச்சா போதும் தெருவுல தண்ணி நிக்கும்னு தெரியும்ல. ஸ்கூல் ஷூ ஒரு திங்கக்கிழமை சாயந்திரம் நனைஞ்சு வந்துச்சு. உள்ள நியூஸ்பேப்பர் திணிச்சு, ஃபேனுக்கு நேரா வச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ் பின்னாடி சூடா இருக்குமேன்னு அங்க வச்சு, புதன்கிழமை காலையில விரல் விட்டு பாத்தா நுனியில இன்னும் பிசுபிசுன்னு இருக்கு. உள்ள ஃபோமை ஒட்டி அது மேல துணி லைனிங் ஒட்டியிருக்கான், ஈரம் அதுக்குள்ள போய் உக்காந்துட்டா வெளிய வர வழியில்ல. ஸ்கூலுக்குன்னு வேற ஷூ இல்லாம அதையே போட்டு அனுப்புனோம். ரெண்டு வாரத்துல விரல் இடுக்குல தோல் வெள்ளையா ஊறி உரிஞ்சு சேத்துப்புண், நைட்டெல்லாம் சொறிஞ்சுகிட்டே இருந்தா பாவம்.

பேர்ஃபுட்டும் அதே வாரம் ரெண்டு தடவை நனைஞ்சுச்சு. அதுல ஃபோமே கிடையாது. இன்சோலை உருவி, சோப்பு போட்டு கசக்கி, உதறி ஃபேன் அடியில போட்டா காலையில காஞ்சு கிடக்கு. நாத்தமும் இல்ல.

அதுக்கு ரெண்டு ஜோடி சாதா வாங்கி மாத்தி மாத்தி போடலாமேன்னு எங்கக்கா கேட்டா. கணக்கு சரிதான், ரெண்டு சேத்து 1,398, ஒரு பேர்ஃபுட்டை விட கம்மி. வெயிலும் மழையுமா மாறி மாறி வந்தா அது போதும். ஆனா நாலு நாள் விடாம ஊத்துனா மூணாவது நாளு ரெண்டு ஜோடியும் ஈரம், எங்க வீட்ல பால்கனியும் கிடையாது. உங்க வீட்ல மொட்டை மாடி ஷெட் இருந்தா அக்கா சொல்றதையே கேளுங்க.

ஆனா தெருவுல தண்ணி நிக்கிறப்ப ரெண்டு ஷூவும் வேலைக்கு ஆகாது, பிள்ளையை தூக்கிகிட்டுத்தான் போகணும், எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணியிலதான் வரும்.

பேர்ஃபுட்ல குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். ரோடு தோண்டி ஜல்லி கொட்டி வச்ச இடத்துல "குத்துதுப்பா"ன்னு நின்னுடுவா. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போனா ஐஸ் பெட்டி ஆணி, கண்ணாடி சில்லுன்னு கிடக்கும், அங்க நான் கெட்டி சோல் செருப்பு தான் போட்டு விடுவேன். ரிப்பேர்ல சாதா தான் ஜெயிக்குது. சோல் வாய் பிளந்தப்ப பஸ் ஸ்டாப்புகிட்ட செருப்பு தைக்கிற அண்ணன் 60 ரூபாய்க்கு சுத்தி தச்சுக் குடுத்தாரு, இன்னும் மூணு மாசம் ஓடுச்சு. பேர்ஃபுட்டை காட்டுனப்ப திருப்பித் திருப்பி பாத்துட்டு "இதுல ஊசி போட்டா சல்லடையாயிடும் தம்பி"ன்னு கையில குடுத்துட்டாரு.

விளையாட்டு பத்தி கேக்காதீங்க, பாப்பா ஓடுறதே ஐஸ் வண்டி சத்தம் கேட்டா தான். வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடற எங்க சித்தப்பா என்னடான்னா, 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நம்மாளுங்க நிறைய பேர் வெறுங்கால்லயே பிரான்ஸோட ஆடி 2-1ல தான் தோத்தாங்க, நீ ஷூவுக்கு அலசல் பண்ணிகினு கீறன்னு சிரிக்கிறாரு.

எட்டே மாசத்துல பேர்ஃபுட் சின்னதாயிடுச்சு, இப்போ அக்கா பொண்ணு போடறா. இந்த ஜூன்ல ஸ்கூலுக்கும் கறுப்புல பேர்ஃபுட்டே எடுத்துட்டேன், 2,199. மிஸ்கிட்ட முன்னாடியே காட்டுனேன், கறுப்பா இருந்தா சரின்னுட்டாங்க. அம்மா இப்பல்லாம் விலை கேக்கிறதில்ல, துவைச்சு கொடியில ஜட்டி பனியன் நடுவுல கிளிப் மாட்டி தொங்க விட்டுடறாங்க.