நீர்த்தாவரப் புடைப்புகளை ஆராய ஒரு மடக்கு லென்ஸ்

கொடைக்கானலில் ஓர் எழுதுபொருள் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இந்த மடக்கு லென்ஸை, பேரிஜம் ஏரிப் பக்கத்துச் சதுப்பில் அரிதாகவே தென்படும் ஒரு நீர்ச்செடியின் தண்டில் கண்ட விசித்திரமான புடைப்புகளைப் பார்க்கவே பெரும்பாலும் பயன்படுத்தினேன். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸ் என்பதால் விளிம்புவரை உருவம் கோணாமல் தெரிகிறது. பொருளிலிருந்து ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கலாம் என்பதால் கண்ணாடியில் நீர் படுவதில்லை. இருபது மடங்கு லென்ஸில் இந்த இடைவெளி பாதியாகிவிடும். ஈரச் செடிக்கு அது தோதுப்படாது.

தானாக ஒடிந்து மிதந்த தண்டொன்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். மாசிக்காயைப் போலப் பூச்சியால் உண்டான புடைப்பாக இருந்தால் நடுவே புழு வளரும் அறையோ, அது வெளியேறிய துளையோ இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. உட்பகுதி முழுவதும் கெட்டியாக, பழுப்புப் புள்ளிகளுடன் இருந்தது. ஆகவே, மலைத் தோட்டங்களில் முட்டைக்கோஸ் வேரை வீங்க வைக்கும் பிளாஸ்மோடியோஃபோராவின் கூட்டத்தைச் சேர்ந்த நுண்ணுயிரி அல்லது ஒரு பூஞ்சையையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ருப்பியா என்னும் நீர்ச்செடியில் புடைப்பு உண்டாக்கும் டெட்ராமிக்ஸாவும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. டெட்ராமிக்ஸாவில் இருப்பதுபோல வித்துகள் நான்கு நான்காக ஒட்டியிருக்கின்றனவா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். அந்த வேலையை இந்த லென்ஸிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மடக்குத் திருகு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, உடன் தரும் உறையோ வெறும் ஒப்புக்குத்தான். இருந்தும் இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம்.